புள்ளி வைக்கும் கை

கிளம்புவதற்கு முன் அத்தை கைப்பையை இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டார். பல் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷ் ஒன்று. காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஒரு கட்டு. கட்டைவிரல் உயரத்தில் கறுப்பு எனாமல் டப்பா. நாலே நாலு முடி மிஞ்சிய தூரிகை. பழந்துணி. தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

"டர்பென்டைன் எடுத்துக்கிட்டீங்களா, அத்தை?"

"அது எதுக்கு? தப்பாப் பூசுனாத்தானே அழிக்கணும்."

பூ வாங்கத் தேக்காவுக்குப் போனோம். கேம்பல் லேன் பூக்கடையில் சாமந்தியும் ரோஜாவும் உதிரியாகக் கேட்டார். கடைக்காரப் பையன் நல்ல மொட்டாகப் பொறுக்கப் போனான். "மொட்டு வேணாம் தம்பி, மலர்ந்ததாவே குடு. நாளைக்கு அங்க உக்காந்து யாரு பார்க்கப் போறா?" என்றார். எங்கே போகிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. காசை வாங்கிக்கொண்டு, பொட்டலத்தின் மேல் ஒரு பிடி மரிக்கொழுந்தை வைத்தான். அதற்குக் கணக்குப் போடவில்லை.

தேக்கா என்ற சொல் நம் நாக்கில் தமிழாகவே உட்கார்ந்துவிட்டது. பிறப்பால் அது ஹொக்கியென். ஒரு காலத்தில் அங்கே அடர்ந்திருந்த மூங்கில் புதர்களின் காலடி என்று பொருள். சுவா சூ காங்கும் அப்படித்தான். சுவா என்பது குடும்பப் பெயர், சூ என்றால் வீடு, காங் என்றால் ஆற்றுத் துறை. 19ஆம் நூற்றாண்டில் காம்பியரும் மிளகும் பயிரிட்ட தியோச்சியூக்காரர்கள் ஆற்றங்கரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரின் குடும்பப் பெயரைச் சூட்டிப் போனார்கள். அந்தப் பெயர் இன்றைக்கு ரயில் நிலையப் பலகையில் தமிழெழுத்தில் நிற்கிறது. ஆக அன்றைய பயணம் மூங்கிலடியிலிருந்து சுவா வீட்டார் துறைக்கு. டவுன்டவுன் ரயிலில் புக்கிட் பாஞ்சாங், எல்.ஆர்.டி.யில் சுவா சூ காங், அங்கிருந்து 172ஆம் எண் பேருந்து. அடுக்குமாடி வீடுகள் முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் அத்தை மணியை அழுத்தினார்.

சிங்கப்பூரில் இன்னும் புதைக்க இடம் தருகிற ஒரே இடுகாடு இது. இடம் என்று சொன்னாலும் வாடகை வீடு போலத்தான். 1998 நவம்பரில் வந்த விதிப்படி எந்தக் கல்லறைக்கும் 15 ஆண்டுதான். தவணை முடிந்தால் தோண்டி எடுப்பார்கள். எரிக்கலாம் என்கிற சமயத்தார் என்றால் எரித்துச் சாம்பலை அடுக்குமாடத்துப் பேழையில் வைப்பார்கள். எரிக்கக் கூடாது என்கிற சமயத்தார் என்றால் சிறிய குழியில் மறுபடி புதைப்பார்கள். இதற்கு நடுவே தெங்கா விமானத் தளத்தை விரிக்கவும் நிலம் தேவைப்பட்டது. 80,500 கல்லறைகள் எடுக்கப்படும் என்று 2017இல் அறிவித்தார்கள். அதில் 45,500 சீனருடையவை, 35,000 முஸ்லிம்களுடையவை. நாங்கள் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு போர் விமானம் தலைக்கு மேல் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல்லில் எழுத்து என்றால் அழியாதது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் ஈராயிரம் ஆண்டைத் தாண்டியவை. ஆநிரைப் பூசலில் செத்த ஒருவனின் பெயரைத் தமிழி எழுத்தில் இன்றைக்கும் படிக்க முடிகிறது. மயிற்பீலி சூட்டிக் கள் படைத்துக் கும்பிட்ட கல் மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்களுக்கு 15 வருடக் கல் என்றால் சட்டென்று மனம் ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் இங்கே கல்லைப் பார்க்கும் பார்வையே வேறு என்பது அன்று போகப் போகத்தான் விளங்கியது.

முதலில் சீனர் பகுதி. கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடக் காலைக் கூட்டம். கிட்டே போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம். பழைய கற்களில் பெயருக்கு மேலே சற்றுச் சிறிய எழுத்து ஒன்றிரண்டு இருக்கும். அது செத்தவரின் பூர்வீக ஊர். ஃபூஜியன் மாநிலத்து அன்சி, துங்ஆன் என்று வரும். அன்சி தேயிலைக்குப் பெயர்போன மலையூர். அதை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காத பேரன் இங்கே வந்து அந்த எழுத்துக்கு நிறம் தீட்டிவிட்டுப் போகிறான்.

நிறத்திலும் ஓர் இலக்கணம் உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே கல்லில் முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். போய்விட்டவர் பெயர் பொன்னிறத்தில் இருக்கும். இருப்பவர் பெயர் சிவப்பு. அப்படி ஒரு கல்லின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். வலப்பக்கப் பெயரின் பொன் மங்கி, வெயிலில் வெளிறியிருந்தது. இடப்பக்கச் சிவப்பு நேற்றுத்தான் பூசியது போல் பளபளத்தது. யாரோ ஒரு பாட்டி ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே வந்து, தன் பெயர் சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ரயிலேறி வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குகிறார்! நம்மில் யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் இவர்களுக்குக் கல்லறை துடைக்கும் நாள். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, எழுத்துக்கு நிறமேற்றி, வண்ணத் தாள் நறுக்குகளை மேட்டின் மேல் பரப்பிக் கூழாங்கல் வைத்து அழுத்திவிட்டுப் போவார்கள். தாள் பறக்காமல் இருந்தால் வந்து போனார்கள் என்று அர்த்தம். கூடை நிறைய ஹம் என்கிற சிப்பியை அவித்துக் கொண்டுவந்து, சதையைத் தின்றுவிட்டு ஓட்டை மேட்டின் மேல் வீசும் வழக்கமும் உண்டு. சோழி காசாக இருந்த காலத்தின் நினைவு அது. போனவருக்குச் செலவுக்குச் சில்லறை. புல்லுக்குள் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விரல் ரேகை போல வரி வரியாக, ஓரம் இன்னும் கூர் மழுங்காமல் இருந்தது. வைத்த இடத்திலேயே வைத்தேன். பிறருடைய காசு.

முஸ்லிம் பகுதிக்கு வந்தால் வரிசைகள் கோணமாகிவிடும். சாலை ஒரு பக்கம் போகும், கல்லறைகள் வேறொரு கணக்கில் படுத்திருக்கும். சிங்கப்பூரிலிருந்து மெக்கா மேற்கும் வடமேற்கும் கலந்த திசையில் இருக்கிறது. உடலை வலப்பக்கமாக ஒருக்களித்து முகம் அந்தப் பக்கம் திரும்பும்படி கிடத்துவார்கள். சாலை போட்டவர் அதைக் கேட்கவில்லை, கல்லறை வெட்டியவர் சாலையைக் கேட்கவில்லை. அந்தக் கோணல்தான் இங்கே நேர்.

மலாய்க்காரர்கள் நடும் நிசான் கற்களில் உருண்டைத் தூண் போன்றது ஆணுக்கு. பட்டையாக, தோளும் இடையும் வளைந்து நிற்பது பெண்ணுக்கு. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் கல்லே சொல்லிவிடும். நோன்புப் பெருநாளை ஒட்டிக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ரோஜா இதழும் மெலிதாக அரிந்த ரம்பை இலையும் கலந்த பூங்கலவையைத் தூவி, பன்னீர் தெளிப்பார்கள். ரம்பை வாசம் நம் மூக்குக்குச் சோற்றுப் பானையை நினைவூட்டும். இழப்பும் அடுக்களையும் ஒரே வாசத்தில் கலந்து வருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தலைமுறை கண்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்தப் பக்கம்தான். புசாரா அமான், புசாரா அபாடி என்று இரண்டு பெயர்கள் உண்டு. அமான் என்றால் அமைதி. அபாடி என்றால் நிரந்தரம். 15 வருட விதிக்குள் இருந்துகொண்டு நிரந்தரம் என்று பெயர் வைத்துக்கொள்வதற்கும் ஒரு மனது வேண்டும்.

இடுகாட்டுக்கென்றே பிறந்தது போல் அங்கங்கே ஈழத்தலரி மரங்கள். மலாய்க்காரர்கள் கெம்போஜா என்பார்கள். கிளை முட்டி முட்டியாக, முதியவர் கைவிரல் போல இருக்கும். பூ மட்டும் பச்சைக் குழந்தை. மரத்தில் இருக்கும்போது ஐந்து இதழும் காற்றாடி போல ஒரே பக்கம் சுழித்திருக்கும். உதிர்ந்தாலும் முகம் கோணாமல், முழுப் பூவாகவே வந்து விழும். அரசாங்கம் புல் வெட்டும் நாளுக்கும் அடுத்த வெட்டு நாளுக்கும் நடுவில் தொட்டாற்சிணுங்கி எட்டிப் பார்க்கும். இங்கே குனிந்து நடக்கிறவர்களின் செருப்பு பட்டுப் பட்டு, பாதையோரம் முழுக்க அது மூடியபடியே இருந்தது. நமக்கு முன்னால் யாரோ இந்த வழியாகப் போயிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

யூதர்களுக்கும் பார்சிகளுக்கும் பஹாய்களுக்கும் தனித்தனி மூலைகள். பார்சிகள் பாமர் சாலைக் கல்லறைகளை விட்டு இங்கே வந்தவர்கள். யூதர்களின் ஆர்ச்சர்ட் சாலை இடுகாடு இருந்த இடத்தில் இப்போது தோபி காட் ரயில் நிலையம். செத்தவர்களும் வீடு மாறும் ஊர் இது. கிறிஸ்துவர் பகுதியைத் தாண்டி நடந்தோம். இந்துக்களின் பகுதியை அத்தை கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார்.

நம்மவர்கள் பெரும்பாலும் மண்டாயில் எரிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். மாமா போய்ப் பதின்மூன்று ஆண்டு. கல் சிறியதுதான், முழங்கால் உயரம். சாம்பல் நிறம், அதில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் பொட்டு. அத்தை தண்ணீரை ஊற்றினார். காய்ந்திருந்தபோது சாம்பலாக இருந்த கல், நனைந்ததும் மழைமேகம் போலக் கருத்தது. பாசி பிடித்த இடங்கள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. பல் பிரஷ்ஷால் எழுத்து எழுத்தாகத் தேய்க்க ஆரம்பித்தார். பிரஷ் போகாத மூலைக்குப் பஞ்சுக் குச்சி.

அப்போதுதான் அந்த எழுத்துகளை நான் கிட்டத்தில் பார்த்தேன். கணினி எழுத்து இல்லை. 'தோ'வின் கொம்பு சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. 'ற'வின் கால் கீழே போய்ச் செல்லமாக மடங்கியிருந்தது. எங்கேயோ பார்த்த கை. தீபாவளிக்கு எனக்கு வந்த வாழ்த்து அட்டைகளில், அத்தை வீட்டு மளிகைப் பட்டியலில் பார்த்த கை.

"இது உங்க கையெழுத்தா, அத்தை?"

"கல்லு வெட்டுனவரு சீனரு. தமிழ் தெரியாது. தாள்ல எழுதிக் குடுன்னாரு, குடுத்தேன். அச்சு அசலா வெட்டிட்டாரு."

படிக்கத் தெரியாத எழுத்தை அவர் படமாகப் பார்த்திருக்கிறார். தமிழ் தெரிந்தவர் வெட்டியிருந்தால் அத்தையின் கோணலைத் திருத்தியிருப்பார். இவருக்குக் கோணலும் எழுத்தும் ஒன்றுதான். எதையும் விடவில்லை. 'மறைவு' என்ற சொல்லில் 'வு'வின் வால் ஓரிடத்தில் தடித்திருந்தது. அந்த இடத்தில் அத்தையின் பேனா நின்றிருக்கிறது. பேனா நின்ற இடத்தில் உளியும் நின்றுவிட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு மேஜையில், ஒரு நொடி தயங்கிய கை இந்தக் கல்லில் இன்னும் தயங்கிக்கொண்டே இருக்கிறது.

பேருக்குக் கீழே ஊர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம், தாலுகாவோடு. அன்சிக்காரருக்கும் நமக்கும் இதில் ஒரே புத்தி. அதற்குக் கீழே தேதி. தேதிக்குப் பக்கத்தில், இடமில்லாமல் நெருக்கி, மாதமும் பிறையும் திதியும். இடுகாட்டுப் பதிவேட்டுக்குத் தேதி போதும். அத்தைக்குச் சோறு படைக்கத் திதி வேண்டும்.

கல் காய்வதற்காகக் காத்திருந்தோம். பிறகு டப்பாவைத் திறந்தார். எனாமல் வாசம் மரிக்கொழுந்தோடு கலந்தது. கோடுகளில் பழைய கறுப்பு இன்னும் இருந்தது. புள்ளிகள்தான் போயிருந்தன. அத்தை புள்ளியைப் பொட்டாக வைக்க மாட்டார், கடுகளவு சுழியாகச் சுழிப்பார். கல்லிலும் அது குட்டி வளையமாகவே இறங்கியிருந்தது. அந்த நூலிழைப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி மை உரிந்துவிட்டது. தூரிகையின் நுனியை மட்டும் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வளையத்தின் மேல் உச்சியில் தொட்டார். மை தானாகவே பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடி, கீழே வந்து கைகோத்துக்கொண்டது. இந்த ஓட்டத்துக்காகவே இன்னொரு தடவை வரலாம் என்று தோன்றியது எனக்கு.

தமிழில் புள்ளி அதிகம் கஷ்டப்பட்ட குறி. தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் சொல்லியும், ஏட்டில் எழுதியவர்கள் எழுத்தாணி குத்தி ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டார்கள். பழைய கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிக்கிறவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் தெரியாத ஒரு சீனக் கல்தச்சர், ஒரு வளையத்தைக்கூட விடாமல் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அத்தை 'தோற்றம்' என்ற சொல்லுக்கு வந்தார். ஒரு சுழி, இன்னொரு சுழி. அடுத்த வரி 'மறைவு'. தூரிகை கல்லுக்கு மேலே ஒரு கணம் நின்றது. வைப்பதற்கு ஒன்றுமில்லை.

"அத்தை, கவனிச்சீங்களா? தோற்றத்துல ரெண்டு புள்ளி. மறைவுல ஒண்ணுகூட இல்லை."

"அட, ஆமா! அதான் அந்த வரி சீக்கிரம் முடிஞ்சிடுது."

புள்ளி வைத்த எழுத்துக்கு மெய் என்று பேர். மெய் என்றால் உடம்பு. உயிர் வந்து ஏறினால் புள்ளி போய்விடும். அப்படிப் பார்த்தால் 'தோற்றம்' என்கிற சொல்லில் உயிர் ஏறாத உடம்புகள் இரண்டு கிடக்கின்றன. 'மறைவு' என்பதில் மூன்றும் உயிர்மெய். இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கல்லின் முன் குந்தியிருந்து பார்த்தபோது, திட்டமிட்டது போலத்தான் இருந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. அவர் மாமாவின் பெயருக்குக் கடைசிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

கேட்க நினைத்ததை வேறு மாதிரி கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம்தானே, அத்தை. எதுக்கு எனாமல்?"

"ரெண்டு வருஷத்துக்குத்தான் பூசுறேன்" என்றார், நிமிராமல்.

பூவைத் தூவினார். சாமந்தி கல்லடியில், ரோஜா மேட்டில், மரிக்கொழுந்து உச்சியில். மலர்ந்த பூ கேட்டதன் அருமை அப்போது தெரிந்தது. மொட்டாக இருந்தால் உருண்டு ஓடியிருக்கும். இவை விழுந்த இடத்தில் விரிந்து படுத்துக்கொண்டன.

திரும்பும் வழியில் புதிய தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்றார். கார்டன் ஆஃப் பீஸ் என்று பேர். 2021 மே மாதம் தேசியச் சுற்றுப்புற வாரியம் திறந்தது. அதுவரை சாம்பலைக் கரைக்கக் கடலுக்குத்தான் போக வேண்டும். நிலத்தில் தூவ இதுதான் முதல் இடம். பார்க்க ஏதோ குடியிருப்புப் பூங்கா மாதிரி இருக்கும். செடி, நடைபாதை, நடுவே கூழாங்கல் பரப்பிய நீளத் தடங்கள். சாம்பலைக் கற்களின் மேல் தூவித் தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பெயர்ப் பலகை கிடையாது, எண் கிடையாது, சூடம் கொளுத்துவது, படையல் வைப்பது கிடையாது. எந்தச் சமயமானாலும் ஒரே தடம்.

வெறுமையாகத் தெரிந்தது முதலில். பிறகு கண் பழகியது. கற்கள் ஒரே நிறம் போல் இருந்தாலும் ஒரே நிறம் இல்லை. பாலாடை, பழைய தந்தம், புகைபடிந்த வெள்ளை, நடுவில் எங்கோ ஒன்று மங்கலான ரோஜா. ஒரு மூலையில் கற்கள் மட்டும் ஈரமாக, சுற்றியிருந்ததைவிட ஒரு சாயல் அழுத்தமாக இருந்தன. காலையில் யாரோ வந்திருக்கிறார்கள். அந்த ஈரம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்து கொண்டிருந்தது. நாங்கள் நின்ற நேரத்துக்குள்ளேயே ஒரு சாண் சுருங்கியது.

"மாமாவை அப்புறம் இங்க கொண்டு வந்துடலாமா?" என்றார் அத்தை. என்னைக் கேட்டாரா, தடத்தைக் கேட்டாரா தெரியவில்லை. கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "எழுத்தே இல்லை தம்பி. வெறும் புள்ளியா கெடக்கு."

மணி ஐந்து ஆகியிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு மேலே நின்ற தூங்குமூஞ்சி மரம் இலையை மடிக்கத் தொடங்கிவிட்டது. மலாயில் அதற்குப் புக்குல் லிமா என்றே பேர், ஐந்து மணி மரம். இலை மடிய மடிய, அதுவரை நிழலாக இருந்த இடத்தில் வானம் சல்லடை போலத் தெரிந்தது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து விரலைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நுனியில் எனாமல் ஒரு புள்ளியாக ஒட்டியிருந்தது. போகவில்லை.

"டர்பென்டைன் எடுத்து வந்திருக்கலாம்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "வீட்டுக்குப் போற வரைக்கும் இருக்கட்டும்."

172 வந்தது.